கதவு திறந்ததும் கடலுக்குப் போன மீன்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “சால்மன் கடல் மீனா, ஆற்று மீனா? எங்கள் மீன்காரர் காலாவைக் காட்டி, இதுவும் சால்மன்தான் என்கிறாரே?”

காலாவை ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது வியாபாரப் பழக்கம். இரண்டும் வேறு வேறு குடும்பம். அசல் சால்மனுக்கு ஆறும் வேண்டும், கடலும் வேண்டும். ஆற்றில் பிறந்து, கடலில் பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் அது. அருவியில் அது துள்ளி ஏறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த வழியை அடைத்தால் என்ன ஆகும், திறந்தால் என்ன ஆகும் என்ற இரண்டுக்கும் ஒரே ஆறு பதில் சொல்லியிருக்கிறது. எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலைகளில் பிறந்து சுமார் 72 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது எல்வா ஆறு. கடலிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவிலேயே 1913-ல் மின்சாரத்துக்காக ஓர் அணை எழுந்தது. 1927-ல் ஆற்றில் அதற்கு மேற்புறம் 64 மீட்டர் உயரமுள்ள இன்னொன்று. அணை கட்டுகிறவர் மீன் ஏறிப்போக வழி விட வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் அப்போதே சொன்னது. வழி விடவில்லை. ஈடாக ஒரு மீன் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். அதையும் 1922-ல் கைவிட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆறும் ஓடைகளும் சால்மனுக்கு இல்லாமல் போயின. தலைமுறை தலைமுறையாக அந்த மீனை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினரின் சாப்பாடும் சடங்கும் கூடவே சுருங்கின.

அவர்கள் விடாமல் போராடினார்கள். ஆற்றை மீட்க 1992-ல் சட்டம் வந்தது. 2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கி, 2014-ல் இரண்டு அணைகளும் இல்லாமல் போயின. நூறு வருஷமாகத் தேங்கிய வண்டலை ஆறு அள்ளிக்கொண்டு போய் முகத்துவாரத்தில் புதுக் கரையே கட்டியது. சால்மனும் மேலே ஏறியது.

இதில் என் மனத்தை விட்டு அகலாதது வேறொரு மீன். ரெயின்போ டிரவுட் என்று ஒன்று உண்டு; நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்வதும் அதே இனந்தான். சால்மனுக்கு நெருங்கிய உறவு. இந்த ஓர் இனத்துக்குள்ளேயே இரண்டு வாழ்க்கை. சில மீன்கள் ஆயுள் முழுக்க ஆற்றிலேயே இருந்துவிடும். சில கடலுக்குப் போய், வெள்ளி நிறமேறி, பல மடங்கு பெருத்துத் திரும்பும். அவற்றுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர்.

எல்வாவில் அணைக்கு மேலே மாட்டிக்கொண்டவை தலைமுறைகளாக ஆற்று மீனாகவே வாழ்ந்தன. கடல் என்று ஒன்று இருப்பதையே அவை கண்டதில்லை. அணை போனது. அவற்றின் வாரிசுகள் தாமாகவே கடலுக்கு இறங்கின. கோடையில் ஆறேறும் ஸ்டீல்ஹெட் எல்வாவில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் திரும்பி வந்தது. மரபணுவைப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கோடையில் திரும்ப வைக்கும் மரபுக்கூறு, மேலே அடைபட்ட டிரவுட்களின் உடம்பில் நூறு வருஷமும் அழியாமல் இருந்திருக்கிறது. இதற்காக யாரும் குஞ்சு பொரித்து விடவில்லை.

படித்தபோது எங்கள் ஊர்க் குளம் நினைவுக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அது தூர்ந்த மேடு. அதில் பந்து விளையாடியிருக்கிறேன். ஊர் கூடி வரத்து வாய்க்காலை வெட்டிவிட்ட வருஷம் ஐப்பசி மழையில் நிரம்பியது. அடுத்த மாதமே அல்லி பூத்தது. யாரும் நடவில்லை. “கிழங்கு மண்ணுக்குள்ளேயே கெடந்திருக்குடா” என்றார் அப்பாயி.

எல்வாவில் இன்னொன்றும் நடந்தது. இடிப்புத் தொடங்கிய 2011-லேயே ஆற்றில் மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷம் மீனுக்கு ஏங்கிய கிளாலம் மக்கள், மீன் கண்ணெதிரே ஏறியபோதும் வலை போடவில்லை. 2023 அக்டோபரில்தான் கோஹோ சால்மனை, சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்குமாக அளவோடு பிடித்தார்கள். பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பின் பாரம் புரியும். அப்படிக் காத்திருப்பதும் மீன்பிடித் தொழிலில் ஒரு பாதி என்றே நான் நினைக்கிறேன்.

கும்பகோணத்து அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் மீன் நமக்கும் உண்டு. உள்ளம் என்பார்கள், வங்காளிகள் உயிராய் நினைக்கும் ஹில்சா அதுதான். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறிக்கொண்டிருந்த மீன், அணைகளும் வற்றிய ஆறுமாகச் சேர்ந்து அருகிப்போய்விட்டது. பாசனத்துக்கு அணை வேண்டும். மேட்டூரை இடிக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இனிமேல் கட்டுகிற ஒவ்வொரு தடுப்பணையிலும் கதவணையிலும் மீன் ஏற ஒரு படிவழி விடுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒன்று கட்ட வரும்போது, மீனுக்கு எங்கே வழி என்று முதலில் கேளுங்கள்.