ஆராய்ச்சி மானியம் நாடும் நெறி

பொறியியல் ஆராய்ச்சிக்கு அறிவு மட்டும் போதாது. கருவியும் உதவியாளரும் வேண்டும். ஆதலின் மானியந் தேடுதலும் பல்கலைக்கழக ஆசிரியரின் கடன்களுள் ஒன்றாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1946இல் கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும் 1950இல் தேசிய விஞ்ஞான மன்றமும் தோன்றின. உலோகந் துருப்பிடித்தலை ஆராய்பவர் இரண்டையும் நாடலாம். எனினும், முன்னையது கடற்படைக்குப் பயன் யாது என நோக்கும். பின்னையது புதிதாய்ப் பெறும் அறிவு யாது, சமுதாயத்துக்கு விளையும் நன்மை யாது என வினவும். ஆகவே, ஒரே விண்ணப்பம் இரண்டற்கும் பொருந்தாது.

அங்ஙனமாயின் வழி யாது? அம்மன்றம் முன்னர் வழங்கிய மானியங்களின் சுருக்கங்கள் எவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டுள்ளன. முதற்கண் அவற்றை ஆராய்தல் வேண்டும். பின்னர்த் தம் கருத்தை ஒரு பக்கத்தில் அடக்கி, அத்துறைக்குப் பொறுப்பான அலுவலர்க்கு அனுப்பி, அது பொருந்துமோ என உசாவுதல் நன்று. பொருந்தாதென்னும் விடையும் பயனுடைத்தே. பல மாத உழைப்பு வீணாகாது.

இம்மன்றம் இளம் ஆசிரியர்க்கு வழங்கும் ஐந்தாண்டு மானியத்துக்கு, 2022ஆம் ஆண்டு அறிவித்தலின்படி, ஒருவர் மூன்று முறையே விண்ணப்பிக்கலாம். எனவே, ஆராயாது எழுதுபவர் தாளை மட்டுமன்றித் தம் வாய்ப்பையும் இழப்பர். தம் வினாவும் வழங்குவோர் நோக்கமும் ஒன்றுபடும் இடத்தைக் காண்டலே மானியந் தேடலாகும்.