உருமாறும் சிறு பொம்மை: நிறையும் குறையும்

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் தனிச்சிறப்பை ஊவா மாகாணத்தார் யாவரும் அறிவர். 1924ஆம் ஆண்டிலே பதுளையை எட்டிய மலைநாட்டுப் புகையிரதப் பாதை, அவ்விடத்தில் குன்றொன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கின்றது. கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்டே பொறியியலாளர் ஒருவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்று செவிவழிக் கதையொன்றும் உண்டு. அதன் உண்மை எவ்வாறாயினும் ஆகுக. இடம் குறுகியபோது, ஒரு பொருளைக் கொண்டே இரு காரியங்களைச் சாதிக்கும் அறிவு பிறக்கின்றது என்பது தெளிவு.

அத்தகைய அறிவின் சிறுவடிவம் ஒன்று இன்று தோட்டத்துச் சிறுவர் கைகளிலும் காணப்படுகின்றது. திருவிழாக் கடைகளிலும் பதுளை நகரக் கடைகளிலும் விற்கப்படும் உருமாறும் பொம்மையே அது. உள்ளங்கையில் அடங்கும் மோட்டார் வண்டி. சில பகுதிகளைத் திருப்பி மடித்தால், கைகால்களோடு நிமிர்ந்து நிற்கும் இயந்திர மனிதன். சிறுவர் இதனை ‘ரோபோ’ என்பர்.

இப்பொம்மை தோன்றியது யப்பான் நாட்டிலே. டக்காரா என்னும் நிறுவனம் 1980ஆம் ஆண்டில் ‘டயாக்குளோன்’ என்ற வரிசையையும், 1983ஆம் ஆண்டில் ‘மைக்ரோ சேஞ்ச்’ என்ற வரிசையையும் வெளியிட்டது. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த பொம்மைகளை ஹஸ்புரோ என்னும் அமெரிக்க நிறுவனம் 1984ஆம் ஆண்டில் ‘ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. அவற்றுள் ‘பம்பிள்பீ’ என்னும் சிறிய மஞ்சள் வண்டி பெரும் புகழ் பெற்றது. அதனுடைய கைகள் பக்கங்களிலிருந்து வெளிவரும். கால்கள் இழுக்க நீளும். சில அசைவுகளிலேயே வண்டி மனிதனாகிவிடும்.

இதன் நிறைகள் யாவை? முதலாவது, இதற்கு மின்கலம் வேண்டியதில்லை. இயக்கும் விசை பிள்ளையின் விரல்களே. இரண்டாவது, இது ஒழுங்குமுறையைக் கற்பிக்கின்றது. தலையை உள்ளே மடிக்குமுன் கையை மடித்தால் வண்டி மூடாது. எது முன், எது பின் என்பதைப் பிள்ளை தன் தவற்றினாலேயே அறிகின்றான். மூன்றாவது, ஓர் உறுப்பு இரு தொழில் செய்வதைக் கண்ணாற் காண்கின்றான். வண்டியின் முன்மூடி மனிதனின் மார்பாகின்றது, பின்பகுதி பாதமாகின்றது. பொறியியலின் முதற்பாடம் இதுவே எனலாம்.

எனினும், குறைகளும் அச்சிறுமையிலிருந்தே பிறக்கின்றன. இரு வடிவங்களுக்கும் இடமளிக்க வேண்டியிருப்பதால், எதுவும் முழுமை பெறுவதில்லை. மனிதனாக நிற்கும்போது முதுகிலே வண்டியின் கூடு மூட்டைபோல் தொங்கும். வண்டியாகும்போது உடலின் இடுக்குகள் வெளியே தெரியும். ஒழுங்கு மனப்பாடமான பின்னர்ப் புதுமையும் குன்றிவிடும்.

இவற்றினும் பெரிய குறை மூட்டுகளில் உள்ளது. உலோக ஊசி செருகிய மூட்டு நெடுநாள் உழைக்கும். ஆனால், மிளகளவான பிளாஸ்ரிக் உருண்டை ஒரு குழியிற் பொருந்தும் மூட்டோ, திரும்பத் திரும்ப உராய்ந்து தளர்ந்துவிடும். பொம்மை நிற்கமாட்டாது சாயும். மெல்லிய பிளாஸ்ரிக் முனைகள் வளைந்து வளைந்து வலுவிழக்கும். அவ்விடத்தில் வெண்ணிறக் கோடொன்று தோன்றுமாயின், முறிவு அண்மையில் உள்ளது என்று அறிதல் வேண்டும். இப்பொம்மைகளிற் பெரும்பாலும் பயன்படும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்ரிக், நெடுநாள் வெயிலிற் கிடந்தால் மஞ்சளித்து நொறுங்கும் இயல்பினது. மலிவான போலிகளிலே பிளாஸ்ரிக்கும் மட்டம், ஓரங்களும் கூரியவை.

இன்னொன்று உயிரோடு தொடர்புடையது. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை எதையும் வாயிலிடும். அவ்வயதினருக்கான பொருள்களின் உறுப்புகளை, 31.7 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள உருளை ஒன்றிலிட்டுச் சோதிப்பர். அதனுள் முழுதும் அடங்கும் உறுப்பு தொண்டையை அடைக்கக்கூடும் எனக் கொள்ளப்படும். முறிந்த கையோ, கழன்ற சில்லோ எளிதில் அதனுள் அடங்கும். லயத்து அறையிலே அண்ணனின் விளையாட்டிடம் வேறு, தம்பியின் தொட்டில் வேறு அன்று. பகலிற் குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருந்தாலும், மாலையில் இருவரும் ஒரே தரையிலேதான் இருப்பர். ஆகவே, முறிந்த துண்டை உடனே தேடியெடுத்து அகற்றுதல் பெரியோர் கடமை.

தோட்டத்துக் குடும்பத்தில் இப்பொம்மையின் விலை அற்பமானதன்று. தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆயினும், அங்கே பொம்மையின் விலை தாய் பறிக்கும் கொழுந்தின் நிறையாகவே எண்ணப்படும். அத்தகைய பொம்மை மூன்றாம் நாளே முறிந்தால், வீட்டில் எழும் முதற்சொல் எது? ‘உடைத்துவிட்டாயே!’ என்பதே. அடியும் விழுவதுண்டு.

இங்கேதான் சிந்திக்க வேண்டும். பொம்மை முறிந்தது பெரும்பாலும் பிள்ளையின் கவனக்குறைவால் அன்று. மெல்லிய மூட்டின் குறையால். மடிப்பதற்கென்றே செய்த பொருளை மடித்ததற்காக அடிவாங்கும் பிள்ளை, இனி எதையும் திறந்து பார்க்க அஞ்சுவான். நாளை பாடசாலையில் அறிவியற் கருவியைத் தொடவும் அவன் கை கூசும். பொம்மையின் நட்டம் சில நூறு ரூபா. அந்த அச்சத்தின் நட்டத்தை அளக்க முடியாது.

வாங்குமுன் கடையிலேயே ஒருமுறை மடித்து விரித்துப் பார்க்க வேண்டும். மூட்டுகளில் உலோக ஊசி உண்டா, ஓரம் கையைக் கீறுமா என நோக்க வேண்டும். உருண்டை மூட்டுத் தளர்ந்தால், உருண்டையின்மேல் நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, நன்கு உலர்ந்தபின் பொருத்தினால் மீண்டும் இறுகும். அசையும் மூட்டில் பசை இடுதல் தகாது. அது உள்ளே கசிந்து மூட்டையே இறுக்கிவிடும். இச்செப்பனிடும் வேலையைப் பிள்ளையின் அருகிலிருந்து, அவன் கையாலேயே செய்வித்தல் நன்று. நகப்பூச்சை மட்டும் வேலை முடிந்ததும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

மீன் தகரத்தால் உடலும், தேய்ந்த றப்பர்ச் செருப்பால் சில்லும் அமைத்துத் தோட்டத்துச் சிறுவர் செய்யும் வண்டி உருமாறாது. ஆனால் உடைந்தால் அவர்களே திருத்துவர்; ஏன் உடைந்தது என்பதையும் அறிவர். கடைப்பொம்மையிடம் இல்லாத குணம் இதுவே. தகரவண்டி செய்த கைக்கே ரோபோவின் மூட்டையும் திறந்து பார்க்க இடங்கொடுத்தால், அப்பொம்மை முறிந்த பின்னரும் பயன்தரும். வண்டி மனிதனாக மாறுவது வியப்பே. ஆனால், ‘உடைத்தவன்’ எனப்பட்ட பிள்ளை ‘திருத்தியவன்’ என மாறுவானாயின், பெற்றோருக்கு அதனினும் பெரிய மகிழ்ச்சி வேறு யாது?