குழந்தையை அள்ளுங்கள், பந்தை அள்ளாதீர்கள்!

"கோல்ஃபா? வெள்ளைக்காரன் விட்டுப் போன பணக்கார விளையாட்டாச்சே! நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். 1829-ல் கல்கத்தாவில் கோல்ஃப் சங்கம் தொடங்கியவர்கள் வெள்ளைக்காரர்களேதான். செலவு பிடிக்கிற விளையாட்டு என்பதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல், சென்னை என்று நம் பக்கத்திலேயே கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. ராணுவத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உத்தியோகம் பார்ப்பவர்களின் மனைவிமார் பலர், கணவருக்குத் துணையாகப் போய் வேடிக்கை பார்த்து, பிறகு தாங்களே மட்டையைக் கையில் எடுத்தவர்கள்.

நானும் அப்படி வந்தவள்தான். நீலகிரிக்குக் குடிவந்த பிறகு ஆட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சில வருஷங்களாகப் புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். யார் வந்தாலும் நான் முதலில் சொல்லுவது ஒன்றே ஒன்றுதான்: "பந்தைத் தூக்காதே அம்மா, அது தானே எழும்பும்!"

இந்த ஒரு சங்கதி புரிந்துவிட்டால் ஆட்டமும் நேராகும், கையும் இடுப்பும் தப்பிக்கும். கோல்ஃப் பக்கமே போகாத சகோதரிகளும் தொடர்ந்து படியுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

மணிக்கட்டு சொன்ன சேதி

எங்கள் காலை வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயசு. பத்து மாசக் குழந்தை. காலை ஏழிலிருந்து எட்டு வரை மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுவார். "நாள் பூரா எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு மணி நேரந்தான் அக்கா" என்பாள்.

இரண்டு மாதம் ஆனதும் இடது கைக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, வலி வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகினால் சுரீர் என்கிறது. குழந்தையைத் தூக்கினால் உயிர் போகிறது. வீட்டில் சும்மா இருப்பார்களா? "விளையாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரு நாள் மட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, "யாருக்காவது கொடுத்துடுங்க அக்கா" என்றாள். குரல் தழுதழுத்தது.

"கொடுக்கிறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல டாக்டர்கிட்ட காட்டு" என்றேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, கட்டைவிரலை இயக்கும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கிறது என்றார். வைத்தியத்தில் இதற்கு 'டி குவெர்வெய்ன்' என்று பெயர். பிரசவித்த பெண்களிடம் சர்வசாதாரணமாகக் காணப்படுகிற தொந்தரவு இது. இரண்டு கட்டைவிரலையும் அகல விரித்து, குழந்தையின் கக்கத்தில் கொடுத்து, ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறோம்! அந்தப் பாரம் முழுக்கக் கட்டைவிரல் நாண்களில்தான் விழுகிறது. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் இதே இடத்தில் இதே வலி வருவதுண்டு. இந்தப் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன.

கட்டைவிரல் அசையாமல் இருக்க ஒரு பட்டை, சில வாரம் ஓய்வு என்று டாக்டர் சொன்னார். குழந்தையைத் தூக்கும் முறையையும் மாற்றச் சொன்னார். உள்ளங்கையை மேல் பார்க்க வைத்து, ஒரு கை குழந்தையின் முதுகிலும் இன்னொரு கை பின்புறத்தின் கீழுமாகக் கொடுத்து, முன்கையால் அள்ளி எடுக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. பாரத்தைத் தாங்குவது முன்கையும் தோளும்தான்.

தோசைத் திருப்பி அல்ல!

குழந்தை விஷயம் இப்படியென்றால், பந்து விஷயம் நேர் எதிர். அந்தப் பெண் ஆடுவதைக் கவனித்தபோது மட்டை ஒவ்வொரு தடவையும் பந்துக்கு ஒரு சாண் பின்னாலேயே 'தொப்'பென்று தரையில் விழுந்துகொண்டிருந்தது. தரை இடிக்கிற அதிர்ச்சி அத்தனையும் மணிக்கட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

ஏன் அப்படி விழுகிறது? பந்து தரையில் கிடக்கிறது. அது ஆகாயத்தில் பறக்க வேண்டும். ஆகவே அடியில் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்று மனசு நினைக்கிறது. தோசைத் திருப்பியை அடியில் செருகிப் புரட்டிப் பழகிய கை அல்லவா! கடைசி நிமிஷத்தில் மணிக்கட்டைச் சுழித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, பந்தை அள்ளப் பார்க்கிறோம். உடம்பு பின்னால் சாய்ந்தால் மட்டையும் பின்னாலேயே தரையைத் தொடும். அங்கே இடிக்காமல் தப்பினாலும், மேலே எழும்பிக்கொண்டிருக்கும் மட்டை பந்தின் உச்சந்தலையில் பட்டு, பந்து தரையோடு உருண்டு ஓடும்.

தூக்குகிற வேலையை மட்டையைச் செய்தவரே அதில் அமைத்து வைத்திருக்கிறார். 7-ஆம் எண் அயர்ன் மட்டையின் முகத்தைப் பாருங்கள். முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். மணல் குழியிலிருந்து எடுக்கும் மட்டை ஐம்பத்தைந்து டிகிரி அளவுக்குப் படுத்திருக்கும். அந்தச் சாய்வுதான் பந்தை மேலே அனுப்புகிறது. நாற்பத்தாறு கிராமுக்கும் உட்பட்ட அந்தச் சின்னப் பந்துக்கு நம்முடைய உபகாரம் தேவையே இல்லை.

ஊஞ்சல் கணக்கு

மட்டை எந்தச் சாய்வில் வந்து பந்தைச் சந்திக்கிறது என்பதை ஆட்டக்காரர்கள் 'ஆங்கிள் ஆஃப் அட்டாக்' என்கிறார்கள். தமிழில் தாக்கு கோணம் என்று வைத்துக்கொள்ளலாம். கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொண்டால் இது லேசில் விளங்கும்.

ஊஞ்சல் பின்னாலிருந்து கீழே இறங்கி வருகிறது. கொக்கிக்கு நேர் கீழே ஒரு அடிமட்டம். அதைத் தாண்டியதும் மேலே ஏறுகிறது. மட்டையும் அப்படித்தான். தரையில் கிடக்கும் பந்தை அயர்ன் மட்டையால் அடிக்கும்போது, அடிமட்டத்துக்கு வருவதற்கு முன்பே, இறங்கிக்கொண்டிருக்கையில் பந்தைச் சந்திக்க வேண்டும். முதலில் பந்து, அப்புறம் புல். அடிமட்டம் பந்தைத் தாண்டி மூன்று நான்கு அங்குலம் முன்னால், அதாவது பந்து போக வேண்டிய திசையில், இருக்க வேண்டும்.

ஊஞ்சலின் அடிமட்டத்தை முன்னால் நகர்த்த வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? கொக்கியை நகர்த்துவீர்கள். இங்கே கொக்கி நம்முடைய மார்பும் இடது தோளும்தான். வலது கை ஆட்டக்காரர்களுக்கு, அடிக்கும் சமயத்தில் உடம்பின் பாரம் இடது காலுக்கு வந்துவிட்டால் அடிமட்டம் தானாக முன்னால் போகும். கையால் எந்தச் சாகசமும் வேண்டியதில்லை.

"கீழ்நோக்கி அடி" என்றால் கோடாலியால் விறகு பிளப்பது என்று அர்த்தமில்லை. மொத்தக் கணக்கே இரண்டு மூன்று டிகிரிதான். கடிகாரத்தில் ஒரு நிமிஷக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 6 டிகிரி இருக்கிறது. அதில் பாதிகூட வேண்டாம். புல் பெயர்ந்தால் அப்பளக் கனத்துக்குப் பெயர வேண்டும், அடை கனத்துக்கு அல்ல. செங்குத்தாக வெட்டினாலும் மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கும்.

நாலு பயிற்சிகள்

1. மட்டையில்லாமல்: கண்ணாடி முன் நின்று, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்பி, பிறகு இடப்பக்கம் திரும்பும்போது முதலில் இடது காலில் பாரத்தை இறக்குங்கள். முடிவில் வலது குதிகால் தூக்கி, விரல்நுனி மட்டும் தரையில் இருக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை தள்ளாடாமல் நிற்க வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதைச் சமையலறையிலேயே குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது பழகலாம்.

2. கோலமாவுக் கோடு: பயிற்சி செய்யும் புல்தரையில், இரண்டு காலுக்கும் நடுமத்தியிலிருந்து எதிரே போகும்படி கோலமாவால் ஒரு கோடு இழுங்கள். பந்து வேண்டாம். மெதுவாக வீசி, மட்டை புல்லைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள். அது கோட்டிலோ, கோட்டுக்கு இடப்பக்கத்திலோ இருக்க வேண்டும். பத்துக்கு ஏழு தடவை அப்படி வந்த பிறகு பந்தை வைக்கலாம்.

3. மடித்த துண்டு: பந்துக்கு அரைச் சாண் பின்னால் ஒரு துண்டைத் தட்டையாக மடித்துப் போடுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். தரையை இடிக்கிற பழக்கம் இருந்தால் துண்டு உடனே காட்டிக் கொடுத்துவிடும். தரையை இடித்தால் வருகிற வலியும் இதில் குறைவு.

4. அரை வீச்சு: மட்டையை இடுப்பு உயரத்துக்கு மட்டும் கொண்டுபோய், இடுப்பு உயரத்திலேயே முடியுங்கள். பந்தைத் தொடும்போது மட்டையின் கைப்பிடி பந்தைவிடச் சற்று முன்னால் இருக்கட்டும். இடது மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும்.

அந்தப் பெண் ஓய்வு நாட்களில் முதல் பயிற்சியை மட்டும் வீட்டில் செய்தாள். ஆறு வாரம் கழித்து டாக்டர் சம்மதித்ததும் கோலமாவுக் கோட்டில் ஆரம்பித்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் வெறும் புல்தான். பிறகு ஒரு நாள் 'டக்' என்று சுத்தமாக ஒரு சத்தம். பந்து கிளம்பி, எழும்பி, எதிர்ச் சரிவில் போய் இறங்கியது. "நான் ஒண்ணுமே பண்ணலையே அக்கா!" என்றாள். அதுதான் விஷயமே.

இன்றைக்கும் பத்தில் மூன்று அடி தரையில்தான் விழுகிறது. அது யாருக்கும் உள்ளதுதான். ஆனால் மணிக்கட்டு வலி திரும்பவில்லை. அவளுடைய ஒரு மணி நேரமும் அவளிடமே இருக்கிறது. மாமியாரும் இப்போது பேரனை முன்கையால்தான் அள்ளுகிறாராம்.

டிரைவருக்கு வேறு நியாயம்

முதல் அடிக்குப் பயன்படும் நீளமான டிரைவர் மட்டைக்குக் கணக்கு மாறும். இங்கே பந்து தரையில் இல்லை. 'டீ' என்கிற சின்ன முளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஊஞ்சல் அடிமட்டத்தைத் தாண்டி ஏறத் தொடங்கும்போது பந்தைச் சந்திப்பதுதான் லாபம்.

ரேடார் கருவிகள் வந்த பிறகு இதைத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் ஆண்கள் டிரைவரில் சராசரியாக ஒரு டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். பெண்களோ சுமார் மூன்று டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார்கள். மட்டையின் வேகம் குறைவாக இருப்பவர்கள் இப்படி அடித்தால் அதே வேகத்தில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். பலத்துக்குப் பதில் புத்தி!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள். பாதிப் பந்து மட்டையின் தலைக்கு மேலே தெரியும்படி முளையை உயர்த்துங்கள். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். பந்துக்கு ஓர் அடி முன்னால் காலிப் பற்பசை அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்கப் போட்டு, மட்டை அதன்மேல் படாமல் தாண்டிப் போகும்படி பழகுங்கள்.

தூரம் அடித்தால்தான் கோல்ஃப் என்றும் நினைக்காதீர்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் வெண்கலத்தை ஒரே ஓர் அடியில் தவறவிட்டு நாலாவதாக வந்தாரே, அந்த 60 பேரில் டிரைவரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். குறியும் நிதானமுமே அவரை அவ்வளவு தூரம் கொண்டுவந்தன. அந்தப் போட்டியில் அவருடைய மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவர் அம்மாதான் என்பது நமக்கெல்லாம் பெருமை.

உடம்பையும் கவனியுங்கள்

* பிரசவமாகி ஆறாவது வாரப் பரிசோதனை முடியும்வரை நடை மட்டும் போதும். மட்டை வீசுவது டாக்டரைக் கேட்ட பிறகுதான். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும்.

* வீசும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ, வயிற்றின் நடுவில் புடைத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

* காரிலிருந்து இறங்கியதும் டிரைவரைத் தூக்காதீர்கள். பத்து நிமிஷம் வேகமாக நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி, அரை வீச்சில் தொடங்குங்கள்.

* மட்டையைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி முழுக்கக் கைக்குத்தான்.

* ஒரே நாளில் வாளி வாளியாகப் பந்து அடிக்க வேண்டாம். ஆரம்பத்தில் முப்பது போதும்.

* வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தைலம் தடவிக்கொண்டே தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்பது குழிகள் நடந்து ஆடினால் மூன்று நான்கு கிலோமீட்டர் நடை சுலபமாக ஆகிவிடும். பேச்சுத் துணையும் பச்சைப் புல்லும் இனாம். பக்கத்தில் பயிற்சித் திடல் இருந்தால் ஒரு மட்டையை இரவல் வாங்கியே பார்த்துவிட்டு வாருங்கள். கோலமாவு நம் வீட்டில் எப்போதும் இருக்கிறதுதானே!