பிடிஎஃப் கோளாறு: தப்பு கோப்பிலா, ரீடரிலா?

நாளைக்கு செமஸ்டர் தேர்வு. லினக்ஸில் நோட்ஸைத் திறந்தால் சமன்பாடு முழுக்க கட்டம் கட்டமாகத் தெரியுதா? உடனே ரீடரை அழிச்சுட்டு வேற ஒண்ணு போடாதீங்க. தப்பு எங்கே என்று முதலில் கண்டுபிடிக்கணும்.

எவின்ஸ், ஆக்குலர் இரண்டுமே பக்கத்தை வரைய பாப்ளர் என்ற ஒரே நூலகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் ஒன்றில் வரும் கோளாறு மற்றதிலும் வரலாம். அதே கோப்பை ஃபயர்பாக்ஸில் திறந்து பாருங்க; அதன் பிடிஎஃப் எஞ்சினே வேறு. அங்கே சரியாகத் தெரிந்தால் சிக்கல் பெரும்பாலும் ரீடர் பக்கம்தான். சிஸ்டத்தை அப்டேட் செய்யுங்க. அதுவரை ஃபயர்பாக்ஸிலேயே படிக்கலாம்.

அங்கேயும் கட்டம்தானா? டெர்மினலில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்க. பாப்ளர்-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவியிருந்தால் இது வேலை செய்யும். 'எம்ப்' என்ற பத்தியில் 'நோ' என்று வந்தால், அந்த எழுத்துரு கோப்புக்குள் இல்லை. கையில் கிடைத்த வேறொரு எழுத்துருவை வைத்து ரீடர் ஒப்பேத்துது. சிக்மா இருக்க வேண்டிய இடத்தில் வேறு குறி வந்தாலும் வரும். அதை நம்பிப் படிச்சா மார்க் போச்சு! எழுத்துருவையும் உள்ளே சேர்த்து மறுபடி பிடிஎஃப் ஆக்கித் தரச்சொல்லி, நோட்ஸ் கொடுத்தவரிடமே கேளுங்க. எல்லாமே 'யெஸ்' என்றால், கோப்பை மறுபடி டவுன்லோடு செய்து பாருங்க.