தமிழ் மட்டும் பேசும் குழந்தைக்கும் ப்ரீ-கேயில் இடம் உண்டு

ஹூஸ்டனின் மகாத்மா காந்தி மாவட்டம், அதாவது நம்ம ஹில்க்ராஃப்ட் கடைத்தெரு. சனிக்கிழமைகளில் மளிகை வாங்க சின்ன ஊர்களிலிருந்து ரெண்டு மணி நேரம் கார் ஓட்டி வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பையனுக்கு நாலு வயசாகப் போகுது. எங்க ஊர்ல நல்ல டேகேர் கூட இல்லை. கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ரீ-கே கிடைக்குமா?"

"அது வருமானம் குறைஞ்சவங்களுக்குத்தான்" என்று பலர் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். டெக்சாஸில் தகுதிக்குப் பல வழிகள் உண்டு: குறைந்த வருமானம், வீடில்லாத நிலை, ராணுவக் குடும்பம், அரசுப் பராமரிப்பில் வளர்வது. இவற்றோடு இன்னொன்று, ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் முடியாத குழந்தை. இதற்கு வருமான வரம்பு கிடையாது. ஏதாவது ஒரு தகுதி இருந்தால் போதும், வகுப்பு இலவசம். செப்டம்பர் 1 அன்று 4 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். நாம் ஆபீஸில் ஆங்கிலம் பேசினாலும், பாட்டி வளர்க்கிற குழந்தை தமிழ்தான் பேசும். ஆனால் "தனி வகுப்பில் போட்டுடுவாங்களோ" என்ற பயத்தில் வீட்டுமொழிப் படிவத்தில் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறோம். உள்ளதை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் பள்ளி குழந்தையின் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்கும். மொழி உதவித் திட்டத்தில் சேர்க்க உங்கள் சம்மதம் வேண்டும். ஆங்கிலம் நன்றாக வரும் குழந்தைக்கு இந்த வழி திறக்காது, அதுவும் நியாயம்தான்.

சின்ன ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது: தகுதியுள்ள 4 வயதுக் குழந்தைகள் 15 பேரைக் கண்டறிந்தால்தான் பள்ளி மாவட்டம் ப்ரீ-கே நடத்தியாக வேண்டும். அதனால் "இங்க இல்லைங்க" என்று சொன்னாலும், உங்கள் குழந்தையின் தகுதியை எழுத்தில் தெரிவித்து வையுங்கள். பதினைந்தாவது பிள்ளை உங்களுடையதாகக் கூட இருக்கலாம். கட்டணம் கட்டிச் சேர முடியுமா, பக்கத்து மாவட்டத்தில் எடுப்பார்களா, 1965 முதல் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் மையம் அருகில் உண்டா என்றும் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று மூன்றையும் வசந்த காலத்திலேயே எடுத்து வையுங்கள். ஊரில் போட்ட ஊசிகளின் பதிவையும் மறக்காதீங்க. சேர்ந்தபின் ப்ரீ-கேக்கும் வருகை விதிகள் உண்டு. பொங்கலுக்கு ஆறு வாரம் ஊருக்குப் போகும் திட்டமிருந்தால் முன்கூட்டியே பள்ளியில் பேசிவிடுங்கள்.