பேய்ப் படமா, அடிதடியா? வீட்டு விமர்சகர்களைக் கேட்டுட்டு டிக்கெட் போடுங்க!

ஞாயிற்றுக்கிழமை இரவு. செகண்ட் ஷோ முடிந்து வீடு திரும்பிய குடும்பம் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஊரிலிருந்து சித்தியின் போன். எடுத்ததும் வரும் முதல் கேள்வியே, ``படம் எப்படி இருக்கு?'' என்பதுதான்.

போன் ஸ்பீக்கருக்கு மாறுகிறது. இன்டர்வல் வரைக்கும் அருமை, அதுக்கப்புறம் இழுவை என்கிறார் அப்பா. சத்தம் தாங்கலை, தலைவலி மாத்திரை போடணும் என்கிறார் அம்மா. கிளைமாக்ஸ் ஃபைட்டுக்கே கொடுத்த காசு சரியாப் போச்சு என்கிறான் காலேஜ் போகும் மகன். கடைக்குட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்று ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுக்கிறது.

உண்மையில் அந்தப் படத்தின் முழு விமர்சனம் இந்த நான்கும் சேர்ந்ததுதான். நட்சத்திர மதிப்பெண்களைவிட, தெரிந்தவர் வாயால் வரும் இந்த நாலு வார்த்தையை நம்பித்தான் பல குடும்பங்கள் டிக்கெட் போடுகின்றன. காதல் படம் சரியில்லை என்றால் தூங்கிவிடலாம். பேய்ப் படமும் ஆக்‌ஷன் படமும் அப்படி இல்லை. தவறான ஆளைத் தவறான படத்துக்கு அழைத்துப் போனால் பர்ஸோடு சேர்ந்து தூக்கமும் போய்விடும்.

பேய்களில் இரண்டு ரகம்

'பேய்ப் படம்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், தமிழ் ரசிகர்கள் அதை இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஒன்று, குடும்பத்தோடு பார்க்கும் பேய். இன்னொன்று, ஃபிரெண்ட்ஸோடு பார்க்கும் பேய்.

முதல் வகைக்குப் பெரிய கதவைத் திறந்தது 2005-ல் வந்த 'சந்திரமுகி'. மலையாளத்தின் 'மணிச்சித்திரத்தாழ்' கதையை அடியொற்றிய இந்தப் படத்தில் உண்மையில் பேயே கிடையாது. எல்லாம் மனநோய் என்றுதான் படம் சொல்லும். இருந்தும் அன்றைய குழந்தைகள் வீட்டில் பூட்டிய அறை எதையும் கண்டு நடுங்கினார்கள். பிறகு 2011-ல் ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா', 2014-ல் சுந்தர்.சி-யின் 'அரண்மனை' என்று பாட்டு, காமெடி, பூஜை, பழிவாங்கல் எல்லாம் கலந்த பேய் விருந்து தொடர்ந்தது. 2024-ல் 'அரண்மனை 4' வரை அந்தப் பந்தி முடியவில்லை. பயந்து அலறும் ஹீரோ, அம்மாவின் இடுப்பில் ஏறி உட்காரும் காட்சியில் தாத்தா முதல் பேத்தி வரை சிரிக்கிறார்கள். பயமும் சிரிப்பும் மாறி மாறி வரும்போது பயம் கனமாக உட்காருவதில்லை. இந்தப் படங்களைப் பற்றி வீடுகளில் சொல்லப்படும் கருத்தும் பெரும்பாலும் ஒரே வரிதான். கதை பழசு, ஆனா பொழுது போச்சு.

இரண்டாவது வகைதான் தூக்கத்தைக் கெடுப்பது. 2012-ல் கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' ஒரு வீடு, ஒரு டார்ச் லைட், விஜய் சேதுபதியின் முகம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மிரட்டியது. 2015-ல் வந்த 'டிமான்ட்டி காலனி'யில் படத்தின் பெரும்பகுதி நான்கு நண்பர்கள் மாட்டிக்கொண்ட ஓர் அறைக்குள்ளேயே நடக்கும். பெயருக்குரிய இடம் சென்னை ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருப்பதால், படம் பார்த்துவிட்டு அந்தத் தெருப் பக்கம் ஒரு ரவுண்டு போய் வந்தவர்களும் உண்டு. இதன் இரண்டாம் பாகம் 2024 சுதந்திர தினத்தன்று வெளியானபோது, முதல் பாகத்தை மறுபடி பார்த்துவிட்டுப் போவதா, அப்படியே போவதா என்பதே வாட்ஸ்அப் குரூப்களில் விவாதமானது.

இந்த இரண்டிலும் சேராத பேய்களும் உண்டு. மிஷ்கினின் 'பிசாசு' பேயைப் பார்த்து அழ வைத்தது. மம்மூட்டி நடிப்பில் 2024-ல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்', முழுக்க கறுப்பு வெள்ளையிலேயே மிரட்டியது. அலற வைக்கும் காட்சியை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அது மெதுவாகப் பட்டிருக்கலாம். பொறுமையாக உட்கார்ந்தவர்களுக்கு அந்த வீட்டைவிட்டு வெளியே வரவே நேரம் பிடித்தது. யாரிடம் கேட்டோம் என்பதைப் பொறுத்து பதில் மாறுவது இதனால்தான்.

கண்ணை மூடுவதைவிட காதை மூடுங்கள்!

பயமாக இருந்தால் எல்லோரும் செய்வது கண்ணை மூடிக்கொள்வது. ஆனால், பயத்தின் பாதி வேலையைச் செய்வது சத்தம்தான். கொஞ்ச நேரம் நிசப்தம், கதவு கிறீச்சிடும் ஒலி, பிறகு மறுபடி நிசப்தம்... காது எதையோ தேடிக் கூர்மையாகும் நேரத்தில் 'டமால்'! மூளை யோசிப்பதற்கு முன்பே உடம்பு தூக்கிப் போட்டுவிடும். அதற்கு வீரன், கோழை என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. சந்தேகம் இருந்தால் வீட்டு டி.வி-யில் அதே காட்சியை 'மியூட்' போட்டுப் பார்க்கலாம். பேய் பாவமாகத் தெரியும்.

ஒரே படத்துக்கு இரண்டு விதமான கருத்துகள் வருவதற்கும் இதுவே காரணம். தியேட்டரில் நாற்காலி அதிரப் பார்த்தவர் மிரண்டு போயிருப்பார். அதையே பகலில் பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் பார்த்தவருக்கு இருட்டுக் காட்சிகள் வெறும் கறுப்புத் திரை. சின்ன ஸ்பீக்கரில் அடிவயிற்றை அதிர வைக்கும் ஒலியும் வராது. இதெல்லாம் ஒரு பேயா என்று அவர் சலித்துக்கொள்வதில் ஆச்சர்யமில்லை. ஒருவர் கருத்து சொன்னால், எங்கே பார்த்தீங்க என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

சில படங்கள் தியேட்டரோடு முடிவதும் இல்லை. 2003-ல் வந்த ஹாலிவுட்டின் 'ஃபைனல் டெஸ்டினேஷன்' இரண்டாம் பாகத்தில், லாரியிலிருந்து மரக்கட்டைகள் உருண்டு விழும் காட்சி வரும். அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் ஹைவேயில் கட்டை லாரியைக் கண்டால் வண்டியை ஒதுக்கிவிடுகிறார்கள். படம் எப்படி என்பதற்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது!

அடிதடியில் மனசில் நிற்பது எது?

ஆக்‌ஷன் படம் பார்த்து வந்தவர்களிடம், எத்தனை ஃபைட் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால், யாருக்காக அந்த ஃபைட் என்பது நினைவில் இருக்கும்.

2019 தீபாவளிக்கு விஜய்யின் 'பிகில்' வெளியான அதே நாளில் வந்தது லோகேஷ் கனகராஜின் 'கைதி'. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, கதை முழுக்க ஒரே ராத்திரி. இந்த 'இல்லை'களை எல்லாம் தாண்டி படம் பெரிய வெற்றி பெற்றதில், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பரப்பியதற்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்கள் சொன்னது லாரி சேஸிங்கை மட்டுமல்ல. முகமே பார்த்திராத மகளைப் பார்க்கத் துடிக்கும் அப்பாவையும், அவர் பக்கெட் பிரியாணியைச் சாப்பிடும் அழகையும்தான்.

2022-ல் வந்த 'விக்ரம்' படத்திலும் துப்பாக்கிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், வீட்டு வேலை செய்பவராக இருந்த பெண் திடீரென ஏஜென்ட் டீனாவாக மாறி அடிக்கும் காட்சிக்குத்தான் தியேட்டரில் விசில் பறந்தது. அந்தப் படத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய சத்தம் கேட்டால் ஆபத்து என்று கதையில் ஒரு கைக்குழந்தையைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தியேட்டரிலோ பீரங்கிச் சத்தம், கூடவே மடியில் நிஜக் கைக்குழந்தைகள்!

குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா?

படம் நல்லாயிருக்கா என்பதைவிட பெற்றோருக்கு முக்கியமான கேள்வி இதுதான். சான்றிதழைப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். நடுவில் இருந்த 'யு/ஏ'வை 2024 விதிகள் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்துவிட்டன. இந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டல். உள்ளே விடுவதும் விடாததும் பெற்றோர் முடிவு. 'ஏ' அப்படி இல்லை, சட்டப்படியான தடை.

2025 ஆகஸ்ட்டில் ரஜினியின் 'கூலி'க்கு 'ஏ' சான்றிதழ் கிடைத்தபோது பல வீடுகளில் பிள்ளைகளின் முகம் வாடியது. யு/ஏ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் தொடர்ந்த வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனைக்கும் 2023-ல் வந்த 'ஜெயிலர்' யு/ஏ படம். அதில் தலை துண்டாகும் காட்சியைக் குழந்தைகளும் பார்த்தார்கள்.

சான்றிதழ் சொல்லாத மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர்கள், படம் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். விஜய் சேதுபதியின் 50-வது படமான 'மகாராஜா' நல்ல உதாரணம். 2024-ல் அதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் பாராட்டினார்கள். ஆனால், ஒரு சிறுமிக்கு நேரும் கொடுமைதான் அந்தக் கதையின் மையம். கட்டாயம் பாருங்க, ஆனா குழந்தையோட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்ன ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்துக்கு உதவி செய்திருக்கிறார்கள். திருப்பத்தைச் சொல்லாமல் எச்சரிக்கையை மட்டும் சொல்ல முடியும் என்பதற்கும் அதுவே பாடம்.

சின்னக் குழந்தைகளுக்கு நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவிலான கோடு தெளிவாக விழுந்திருக்காது. பேய்ப் படம் பார்த்த பிள்ளை ராத்திரி பயந்தால், இதுக்கெல்லாமா பயப்படுவே என்று கேலி செய்வதில் பயன் இல்லை. விளக்கு எரியட்டும், பக்கத்தில் ஒருவர் படுக்கட்டும். பேய் மேக்கப் போடும் 'மேக்கிங் வீடியோ' இருந்தால் மறுநாள் பகலில் காட்டலாம். முகத்தில் பசை தடவிக்கொண்டு டீ குடிக்கும் பேயைப் பார்த்தால் பாதி பயம் ஓடிவிடும்.

ரசிகர் சொன்னால் கேட்கிறார்களா?

கேட்கிறார்கள். 2024 ஜூலையில் 'இந்தியன் 2' நீளமாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னதும், சில நாள்களிலேயே 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் 'கங்குவா' வந்தபோது, காது வலிக்கிறது என்பதே முதல் நாள் பேச்சானது. தியேட்டர்களில் சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார்.

மறுபக்கமும் உண்டு. தியேட்டர் வாசலில் மைக் நீட்டியதும் கேமராவுக்காகவே கொதிப்பவர்களும் வந்துவிட்டார்கள். இதனால் பாதிக்கப்படுவதாகச் சொன்ன தயாரிப்பாளர்கள், படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடுக்கக் கோரி நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கருத்து சொல்வது ரசிகரின் உரிமை. ஆனால், பார்க்காத படத்தைத் திட்டுவது அந்த உரிமையில் சேராது.

அடுத்த முறை யாராவது கேட்டால்...

* எங்கே பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தியேட்டர் பேயும் போன் பேயும் ஒன்றல்ல.

* கேட்பவர் யார் என்று பாருங்கள். காலேஜ் பையனுக்குச் சொல்லும் பதிலை, இதய நோயுள்ள பெரியப்பாவுக்கும் கர்ப்பிணி அக்காவுக்கும் சொல்லாதீர்கள்.

* ரத்தம், பாலியல் கொடுமை, காது கிழியும் சத்தம்... மூன்றில் எது இருந்தாலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

* கிளைமாக்ஸை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

சித்தி இன்னும் லைனில்தான் இருக்கிறார். நால்வரும் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி... ``சின்னவன் தூங்கிட்டானா?''

``இல்லை... லைட்டை அணைக்கக் கூடாதாம்!''

``சரி, அப்போ நாங்க பெரியவங்க மட்டும் போறோம்'' என்று போனை வைக்கிறார் சித்தி.