எலும்புக்குள் ஒளியும் காரீயம்

புதுச்சேரி துய்மா வீதிப் பக்கம் நடந்திருக்கிறீர்களா, குழந்தைகளே? உயரமான மரக்கதவுகளும் பலகைச் சன்னல்களும் கொண்ட பழைய வீடுகள் அங்கே நிறைய உண்டு. பண்டிகை வந்தால் பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். அப்போது பறக்கும் தூசியைக் கொஞ்சம் கவனிப்போம்.

நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் உலரவும் அந்தக் காலத்துப் பெயின்ட்டில் காரீயம் என்ற கன உலோகத்தைக் கலந்தார்கள். எத்தனை ஆண்டானாலும் அது அழிவதில்லை. தூசியாகிக் கையில் ஒட்டும், வாய்க்குள் போகும். பெரியவர்களைவிடச் சிறுவர்களின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்.

உள்ளே போன காரீயம் ஆள்மாறாட்டம் செய்கிறது. உடல் அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்து வைக்கிறது. மூளை செல்கள் செய்தி அனுப்பக் கால்சியம் வேண்டும்; அங்கே காரீயம் புகுந்தால் செய்தி தடைபடும். எலும்பில் தங்கியதோ பல பத்தாண்டுகள் இருக்கும். முதுமையில் எலும்பு தேயும்போது மறுபடி இரத்தத்தில் கலக்கும்.

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972, 73இல் பிறந்தவர்களை விஞ்ஞானிகள் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அன்று பெட்ரோலிலும் காரீயம் இருந்தது. 11 வயதில் இரத்தத்தில் காரீயம் அதிகமிருந்தவர்களுக்கு 38 வயதில் அறிவுத்திறன் சற்றுக் குறைந்திருந்தது. 45 வயதில் மூளையைப் படமெடுத்தபோது அதன் மேலுறையின் பரப்பும் குறைந்திருந்தது.

தாத்தா பாட்டிகளுக்கு வரும் மறதி நோய்க்கு வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைபிடித்தல் எனப் பல காரணங்கள் சேரும். காரீயம் போன்ற உலோகங்களும் அந்த ஆபத்தைக் கூட்டக்கூடும் என்கின்றன ஆய்வுகள். ஆகவே முதுமையின் நினைவாற்றலைக் காக்கும் வேலை உங்கள் வயதிலேயே தொடங்குகிறது.

நல்ல செய்தியும் உண்டு. இந்தியா 2000இல் காரீயப் பெட்ரோலை நிறுத்தியது. 2021இல் உலகமே நிறுத்திவிட்டது. 2017 நவம்பர் முதல் நம் நாட்டு வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பெயின்ட் சுரண்டும் இடத்துக்குப் போகாதீர்கள். தூசியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.
• சாப்பிடும்முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.
• கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள். கால்சியமும் இரும்பும் போதிய அளவு இருந்தால் காரீயம் உடலில் சேர்வது குறையும்.
• பழைய பேட்டரியை உடைத்து விளையாடாதீர்கள்; அதிலும் காரீயம் இருக்கலாம்.
• வீட்டுக்குப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் காரீய அளவு அச்சிட்டிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து அப்பாவிடம் சொல்லுங்கள்.